கரையான் தொடாத கட்டை

கவரைப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டியபோது வெயில் முதுகில் இறங்கியிருந்தது. கையில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கால்சட்டை. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள்தான் தெரிந்திருக்கும். எனக்குப் பதிமூன்று வயது. எட்டாம் வகுப்பில் பாதி படித்திருந்தேன். யாராவது கேட்டால் பொன்னேரியில் மாமா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். பொன்னேரியில் எனக்கு மாமா யாரும் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அன்றைக்குத் தொடங்கிய நடை இன்னும் முடியவில்லை. சூளூர்ப்பேட்டை செங்கல் சூளை, அத்திப்பட்டு உப்பளம், வள்ளூர் அனல்மின் நிலையத்தில் சாரம் கட்டும் வேலை, நடுவில் நெல்லூர் பக்கம் இறால் பண்ணை. ஓர் ஊரில் இரண்டு வருஷம் தங்கினால் அதிகம். அதில் சொல்ல ஒன்றுமில்லை, பிழைப்பு என்றால் அப்படித்தான். சொல்ல வேண்டியது அந்த நடைக்கு முந்திய மழைக்காலத்தைத்தான்.

ஐம்பத்தைந்தைத் தாண்டிய என் வயதுக்காரர்களுக்கு இதை எழுதுகிறேன். காரணம் நீங்கள்தான். போன மாதம் தச்சூர் கூட்டுச் சாலைக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டலில் சாப்பிட உட்கார்ந்தேன். வாசலில் ‘விறகடுப்புச் சமையல்’ என்று ஆள் உயரத்துக்குப் போர்டு. எதிர் பெஞ்சில் என் வயது ஆள் ஒருவர், விரலில் ஒட்டியிருந்த குழம்பை நக்கிவிட்டு, “இன்னா இருந்தாலும் வெறகடுப்பு ருசியே வேறப்பா. நம்ம அம்மாங்கல்லாம் அதுல ஆக்கிப் போட்டுத்தான நாம இப்டி திடமா இருக்கோம்” என்றார். சுற்றியிருந்த நாலு பேர் தலையாட்டினார்கள். உங்கள் அம்மா எதனால் செத்தார், அதைக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்காமல் எழுந்துவிட்டேன். பாதிச் சோறு இலையில் கிடந்தது.

எங்கள் வீட்டு அடுப்பு அம்மா கையால் செய்தது. ஏரிக் களிமண்ணில் உமி கலந்து, மிதித்து, இரண்டு நாள் புளிக்க வைத்து, வாய் அகலமும் பின்பக்கம் குறுகலுமாக வைப்பார். மேலே மூன்று குமிழ். பக்கத்தில் ஒட்டினாற்போல் ஒரு கொடியடுப்பு. பெரிய அடுப்பில் சோறு பொங்கும்போது அதன் அனல் ஒரு துளை வழியாகக் கொடியடுப்புக்குப் போய்க் குழம்பைச் சூடாக வைத்திருக்கும். அந்தத் துளை சுண்டு விரல் அளவு பெரிதானால் சோறு வேகாது, சிறிதானால் குழம்பு ஆறிவிடும். அம்மா அதை அளந்ததெல்லாம் இல்லை. கையை வைத்துப் பார்ப்பார்.

காலையில் முதல் வேலை சாம்பல் அள்ளுவது. பிறகு சாணம் கரைத்து மெழுகுவது. வெடிப்பு விட்டிருந்தால் ஈரக் களிமண்ணை விரலால் தடவி அடைப்பார். அள்ளிய சாம்பல் எதுவும் வீணாகாது. பாத்திரம் தேய்க்க ஒரு டின்னில் போகும். அதையே சலித்து எடுத்தால் பல் விளக்க. மீதி கத்தரிச் செடிக்கு. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

விறகுக்கு அம்மாவும் அத்தையும் ஏரிக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் வேலிகாத்தான் வெட்டப் போவார்கள். அத்தை நைனாவின், அதாவது என் அப்பாவின், அக்கா; புருஷன் இல்லாதவர், அடுத்த குடிசை. தலைச்சுமையாகக் கொண்டு வந்து, முள் கழித்து, வெயிலில் காயப்போட்டு, மழைக்கு முன்னால் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள். கீழே எரியும் சூட்டில் மேலே இருக்கும் விறகு காயும். ஐப்பசி, கார்த்திகை முழுக்க அதுதான் எரியும். புரட்டாசிக்குள் பரண் நிறையவில்லை என்றால் மழையில் ஈர விறகோடு மாரடிக்க வேண்டும்.

அந்த வருஷம் புரட்டாசியில் புறம்போக்கைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. ஏதோ கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்களாம். காவல்காரன் ஒருவன் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தான். அம்மா அரிவாளோடு போய், அரிவாளோடு திரும்பி வந்தார். அப்போது அவருக்கு நாலு மாசம். எனக்குப் பிறகு பதிமூன்று வருஷம் கழித்து ஒன்று தங்கியிருந்தது.

நைனா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் லோடு தூக்கும் வேலையில் இருந்தார். அங்கே சூடான தண்ணீரை ஆற வைக்க மரத்தாலான ஒரு பெரிய கோபுரம் உண்டு. மேலிருந்து தண்ணீர் மரச்சட்டங்கள் மேல் விழுந்து விழுந்து கீழே வரும்போது ஆறிவிடும். அதைப் பிரித்துவிட்டு வேறு வைத்தார்கள். பிரித்த சட்டங்களை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் சூப்பர்வைசர். நைனா மாட்டு வண்டி பிடித்து ஒரு வண்டி நிறையக் கொண்டு வந்து இறக்கினார்.

அவர் முகத்தை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். தெருவே கூடிவிட்டது. எல்லாம் ஒரே அளவில் அறுத்த சட்டங்கள். சாம்பல் நிறத்தில், அறுத்த முனையில் லேசாகப் பச்சை ஓடியிருந்தது. நைனா ஒன்றை எடுத்துத் தரையில் தட்டினார். டங்கென்று கேட்டது.

“எத்தினி வருசம் தண்ணியிலயே ஊறிக்கினு இருந்த கட்டை தெரியுமா. ஒரு எடம் இத்துப் போவல. கரையான்கூட வாய் வைக்கல பாரு.”

“எங்களுக்கு ரெண்டு குடேன்” என்றார் எதிர் வீட்டுக்காரர்.

“சூப்பர்வைசராண்ட போய்க் கேளு. எனுக்கு அவரு ஆளு பாத்துக் குடுத்தாரு.” பிறகு அம்மாவைப் பார்த்து, “இனிமே நீ அரிவா எடுத்துனு அலைய வாணாம்மே. குந்திக்கினு ஆக்கு” என்றார்.

இதில் நைனாவுக்கு என்ன கெட்ட எண்ணம் இருந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. அதுதான் என் கோபமே. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

கரையானுக்குத் தெரிந்தது எங்கள் தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

அந்தக் கட்டை எரியும்போது தணலின் ஓரத்தில் பச்சையாக ஒரு நாக்கு வரும். மயில் கழுத்து நிறம். நான் அதைப் பார்ப்பதற்காகவே அடுப்பு முன்னால் உட்கார்ந்து தள்ளிக் கொடுப்பேன். வாசனை நல்ல விறகு வாசனை இல்லை. பூண்டு தீய்ந்தது போல ஒரு நாற்றம். தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். மழை பிடித்துக்கொண்டபின் கதவைத் திறக்க முடியாது. புகை கூரைக்கடியிலேயே சுற்றும்.

முதல் வாரமே அம்மா சொல்லிவிட்டார்.

“யோவ், இந்தக் கட்டை வாணாம்யா. கண்ணு எரியுது. வாந்தி வருது.”

“மாசமா இருந்தா வாந்தி வராம இன்னா வரும்?”

“இது அந்த வாந்தி இல்ல. எனுக்குத் தெரியாதா, புள்ள பெத்தவ.”

“ஊரே கேக்குது அந்தக் கட்டைய. உனுக்கு அடுப்பு எரிக்கத் தெரியல, கட்டைய கொறை சொல்ற.”

அடுப்பு எரிக்கத் தெரியாதவர் என்று அம்மாவைச் சொன்ன ஆள், அதுவரை ஒரு தம்ளர் தண்ணீர்கூடச் சுட வைத்தது கிடையாது.

அதோடு விடவில்லை. அடுப்பு புகைகிறது என்றால் அடுப்பில்தான் கோளாறு என்று முடிவு செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தடுக்கத் தடுக்க, கடப்பாரையால் அடுப்பை இடித்தார். தொழிற்சாலையிலிருந்து கொண்டு வந்த செங்கல்லை வைத்து, சிமெண்டில் புதிதாகக் கட்டினார். குமிழ் இல்லை. கொடியடுப்பு இல்லை. சாம்பல் விழ இடமில்லை. பார்க்கச் சின்ன கல்லறை மாதிரி இருந்தது. பானையை வைத்தால் காற்று போக வழியில்லாமல் நெருப்பு அணைந்து, முன்னைவிட இரண்டு மடங்கு புகைந்தது. சிமெண்ட் சூட்டில் வெடித்துப் பொரிந்தது. அம்மா அதன் மூலைகளைக் களிமண்ணால் ஒட்டி ஒட்டி எப்படியோ சோறாக்கினார்.

அத்தை வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். “மாசமா இருக்கிறவ ஊட்ல அடுப்ப இடிக்கிறானே, இவன் மனுசனா. ஆணி அடிக்கக்கூடாதும்பாங்க, இவன் கடப்பாரை போட்டுட்டான்.”

அடுத்த வாரம் எங்கள் ஆடு செத்தது. சாம்பல் கொட்டும் குழியில் அது நக்கிக்கொண்டே இருக்கும். உப்புக் கரிக்கும் போலிருக்கிறது. வயிறு உப்பி, கால் இழுத்து, ஒரே நாளில் போயிற்று. நைனா பாம்பு கடித்தது என்றார். அத்தை அடுப்பை இடித்த தோஷம் என்றார். சாம்பலைக் கொட்டிய கத்தரிப் பாத்தி கருகிக் கிடந்தது. அது மழைத் தண்ணீர் நின்றதால் என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

இனி வருவதை யாரிடமும் சொன்னதில்லை.

அம்மாவுக்கு மசக்கையில் சாம்பல் தின்னும் ஆசை. என்னைச் சுமந்தபோதும் தின்றாராம். எங்கள் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேருக்கு அது உண்டு. சிலருக்குச் செங்கல் தூள், சிலருக்குப் பச்சரிசி. முதலில் அடுப்படியில் தானாகவே ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுக்கொள்வார். பிறகு படுத்துவிட்டார். உள்ளங்கையும் பாதமும் மிளகாய் அரைத்த மாதிரி எரிகிறது என்று ஈரத் துணி சுற்றிக்கொண்டு கிடந்தார். அத்தை வந்து சமைத்தார். அம்மா சாம்பல் தின்பதை அத்தை பார்த்துவிட்டுத் திட்டினார். அதன்பின் அம்மா என்னிடம் கேட்டார்.

“கண்ணு, உங்கத்தைக்குத் தெரியாம ஒரு துளி எட்தாந்து குடுடா. கரி இல்லாம வெள்ளையா பாத்து.”

எடுத்துப் போனேன். நோட்டுப் புத்தகத்தில் தாள் கிழித்து, கரித் துண்டெல்லாம் ஊதித் தள்ளிவிட்டு, நல்ல வெள்ளைச் சாம்பலாகப் பொறுக்கி மடித்துக் கொண்டுபோவேன். வாயில் போட்டுக்கொண்டதும் அம்மா முகத்தில் ஒரு நிம்மதி வரும். நான் பெரிய காரியம் செய்துவிட்ட மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள். கணக்கு நோட்டில் பின்பக்கத் தாள்கள் தீரும் வரை.

ஒரு நாள் அத்தை அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு நகத்திலும் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு. “பாரு, நகத்துல பூ பூத்திருக்கு. புதுப் பொடவ வரப் போவுது உனுக்கு” என்றார். அம்மாவும் சிரித்தார். வந்தது. எதற்கு வந்தது என்பதை நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

அதற்கு முன்னால் ஒரு தடவை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா கண்ணை விரித்துப் பார்த்தார். வயிற்றைத் தொட்டார்.

“இன்னா சாப்பிடறாங்க?”

“ஒண்ணும் எறங்கல டாக்டரம்மா” என்றார் அத்தை. “சாம்பலத் தின்னுது. எத்தினி சொன்னாலும் கேக்கல.”

“வர்றவங்க எல்லாருமே அதான் தின்றாங்க. ரத்தம் இல்ல, வேற ஒண்ணும் இல்ல.” சிவப்பு மாத்திரை ஒரு பொட்டலம் கொடுத்தார்கள்.

எந்தக் கட்டையின் சாம்பல் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் அங்கேதான் நின்றிருந்தேன். கால்சட்டைப் பையில் அன்று காலை மடித்த பொட்டலம்கூட இருந்தது.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. மறுநாள் அம்மா. பச்சை நிறத்தில் பொட்டுப் போட்ட புதுப் புடவை கட்டினார்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சமைக்கக் கவரைப்பேட்டையிலிருந்து ஒரு சமையல்காரர் வந்தார். பருத்த ஆள், வாயில் புகையிலை. கொல்லையில் பள்ளம் வெட்டிக் கல் கூட்டிவிட்டு விறகு கேட்டார். நைனா அந்தச் சட்டங்களைக் கொண்டுபோய்ப் போட்டார். சமையல்காரர் ஒன்றைத் தூக்கி, முனையைக் கத்தியால் சீவிப் பார்த்தார், முகர்ந்தார், தூர எறிந்தார்.

“இன்னா நைனா இது, மருந்துல ஊறப் போட்ட மரம். கரையான் புடிக்காம இருக்க வெஷம் ஏத்தி வச்சிருப்பான். இதுலயா எரிச்சினு இருந்தீங்க?”

நைனா குனிந்து அந்தச் சட்டத்தை எடுத்து அடுக்கில் வைத்தார்.

“நான் இதுல ஆக்க மாட்டேன். பந்தியில ஒருத்தன் வாந்தி எடுத்தா என்னத்தான் கட்டி வச்சி ஒதைப்பானுங்க. சவுக்கு இருந்தா கொண்டா, இல்லன்னா நான் கெளம்பறேன்.”

சவுக்குக் கட்டை வந்தது. வடை, பாயசத்தோடு காரியம் நடந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, அடுப்பை இடித்ததால்தான் இந்தக் கதி என்று பேசிக்கொண்டே கை கழுவினார்கள். நைனாவும் அதை நம்பத் தொடங்கியிருந்தார். “நான்தான் கடப்பாரை போட்டேன், நான்தான் போட்டேன்” என்று அழுதார். சமையல்காரர் சொன்னதைக் காதில் வாங்கியவன் நான் ஒருவன்தான்.

மறுநாள் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். சங்கு ஊதும் வரை நின்றேன். சூப்பர்வைசர் பைக்கைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். நல்ல மனிதர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். என்னைத் தெரிந்துகொண்டு, “இன்னாடா, அம்மா விஷயம் கேள்விப்பட்டேன்” என்று தோளில் கை வைத்தார்.

“சார், அந்தக் கட்டையில வெஷம் இருக்குதாமே.”

கையை எடுத்தார்.

“யாரு சொன்னா?”

“சமையல்காரரு.”

“டேய், நான் எரிக்கச் சொன்னனா? பந்தல் போடு, ஆட்டுக் கொட்டா கட்டுன்னு குடுத்தேன். கம்பெனி கட்டைய அடுப்புல வச்சா அதுக்கு நானா பொறுப்பு?” பைக்கை உதைத்துக் கிளப்பினார். “போய் உங்க நைனாவ கேளு. பேஜாரு புடிச்சவனே.”

பந்தல் போட வண்டி நிறையக் கட்டையா? எங்களுக்கு ஆட்டுக் கொட்டாய் எதற்கு, இருந்ததே ஓர் ஆடு. அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கட்டையை அவர் தன் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. அதைப் பிற்பாடு யோசித்தேன்.

வீட்டுக்கு வந்தால் கூரை வழியே அதே புகை. அத்தை சிமெண்ட் அடுப்பின் முன் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருந்தார். அடுப்பு வாயில் அதே சட்டங்கள். தணல் ஓரத்தில் பச்சை.

“அத்த, அதுல வைக்காத. அதான் அம்மாவக் கொன்னுச்சு.”

“போடா, பேத்தாத.”

நைனா கட்டிலில் படுத்திருந்தார். அவர் முன்னால் போய் நின்று, ஆடு, கத்தரிப் பாத்தி, சாம்பல், சூப்பர்வைசர் எல்லாவற்றையும் சொன்னேன். நான் மடித்துக் கொடுத்த பொட்டலங்களையும் சொன்னேன். அவர் எழுந்து அறைந்தார். காது கிண்ணென்றது. மறுபடி படுத்துக்கொண்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, “பாதிக் கட்டை மிச்சம் கெடக்குது. அத இன்னா பண்ணச் சொல்ற? எரிச்சித் தீத்துட்டு அப்புறம் பாக்கலாம்” என்றார்.

அந்த வாக்கியத்துக்காகத்தான் நடந்தேன். அறைந்ததற்காக இல்லை.

பல வருஷம் கழித்து நைனாவும் அத்தையும் போய்ச் சேர்ந்த செய்தி தனித்தனியாக வந்தது. போகவில்லை. நைனாவை மன்னித்தாயிற்றா என்று கேட்பவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. ஒரு பெண் கண் எரிகிறது, வாந்தி வருகிறது என்று சொன்னால் கேட்க வேண்டும். அதற்கு ஒரு படிப்பும் தேவையில்லை. அடுப்பைக் குறை சொன்னார்கள், தோஷத்தைச் சொன்னார்கள், ரத்தத்தைச் சொன்னார்கள். தினம் மூன்று வேளை அந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்தவர் சொன்னதை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது நீங்கள் ருசி என்கிறீர்கள்.

வீட்டை விட்டு நடந்த அன்று ராத்திரி பொன்னேரி ஸ்டேஷன் பெஞ்சில் படுத்துக் கிடந்தேன். விடிந்ததும் பசி. கடைத்தெருவில் நாலு இடம் கேட்டு, ஐந்தாவதாக ஒரு விறகுக் கடையில் நின்றேன். எங்கள் பக்கம் அதைத் தொட்டி என்போம். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆணி புடுங்குவியா?”

“புடுங்குவேன்.”

“நாஷ்டா உண்டு. ராவுக்கு இங்கயே படுத்துக்க.”

நாலு இட்லி வாங்கித் தந்தார். தின்று முடித்தபின் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். லாரியில் வந்து இறங்கிய கட்டை, ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தது. சாம்பல் நிறம், ஒரே அளவு, முனையில் பச்சை. கோபுரத்தின் மீதியைத் தொழிற்சாலைக்காரர்கள் இங்கே தள்ளியிருந்தார்கள். என் கையில் ஆணி பிடுங்கும் கம்பியைக் கொடுத்துவிட்டு அவர் முன்பக்கம் போனார்.

வேலையைத் தொடங்கினேன். ஆணியைப் பிடுங்கி டப்பாவில் போட்டு, சட்டத்தை வெட்டி, கட்டு கட்டினேன். பத்து மணி வாக்கில் ஒரு பெண் வந்தார். அம்மா வயது இருக்கும், இடுப்பில் குழந்தை. நான் கட்டி வைத்த கட்டுகளில் ஒன்றைக் காலால் புரட்டிப் பார்த்தார்.

“ஏம்பா தம்பி, இது புதுசா கீதே. நல்லா எரியுமா?”

முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்லா எரியும்கா” என்றேன். கட்டைத் தூக்கி அவர் தலையில் ஏற்றிவிட்டேன்.